மோகனூரில் ஆடிய மீதி

1934, பங்குனி, ஞாயிறு.

உடம்பு அசந்துவிட்டது, கோபம் ஆறவில்லை.

இன்று மோகனூர்த் திருவிழாவில் சுந்தரத்தின் மாணவி சதிர் ஆடினாள். சுந்தரம் என்னோடு ஒரே வாத்தியாரிடம் கற்றவன். பாதியில் நாடகக் கம்பெனிக்கு ஓடிப்போனான். வாத்தியார் படுக்கையில் கிடந்தபோதும், செத்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. இன்று மேடையில் நின்று, அவள் ஆடப்போகும் வர்ணம் தான் அமைத்தது என்றான்.

முதல் ஜதியிலேயே தெரிந்துவிட்டது, அத்தனையும் வாத்தியாருடையது. பாதியிலேயே அந்தப் பெண் நிறுத்திக் கும்பிட்டாள். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் எழுந்து, "சுந்தரம், மீதிய ஆடச் சொல்லு" என்றேன்.

"அவ்வளவுதானுங்க அக்கா." முகம் வெளுத்துவிட்டது.

முன்னால் உட்கார்ந்திருந்த பண்ணைக்காரர், "இன்னும் இருக்குதுங்களா அம்மிணி? நீங்களே ஆடிக் காட்டுங்க" என்றார்.

சேலையைச் செருகிக்கொண்டு மேடையேறினேன். மிருதங்கக்காரர் வாத்தியாருக்கே வாசித்தவர். என் கால் போன இடமெல்லாம் அவர் கை வந்தது. முடிந்ததும் அவரே எழுந்து, அது யாருடைய வர்ணம் என்று ஊருக்குச் சொன்னார்.

நான் வண்டியேறும்போது சுந்தரம் வந்தான். "எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே அக்கா!"

"வாத்தியாருக்கு ஒரு பிடி மண்ணு போட நீ வந்திருந்தா, மீதியையும் சொல்லிக் குடுத்திருப்பேன்."

அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை.

அவன் மாணவி வண்டியருகே வந்து, "அந்த மீதிய எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்றாள். அவன் காதில் விழும்படி, "நாளைக்கே வா சாமி" என்றேன்.