ஃபேனுக்கு வைத்த தேங்காய் எண்ணெய்

மார்கழிக் குளிரில் இன்று காலை தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு இறங்கவில்லை. அதை எடுத்து வெயிலில் வைப்பதெல்லாம் உன் வேலையாக இருந்தது. நீ போன பிறகு எனக்கு நினைவிருப்பதில்லை. உறைந்த பாட்டிலும் கையுமாக நின்றபோது, மஸ்கட்டில், ரூவியில் நாம் குடியிருந்த இரண்டாம் மாடி வீடு ஞாபகம் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஃபேன் கிரீச்சென்று கத்த ஆரம்பித்தது. கதவுக் கீலுக்கு விடுகிற மாதிரிதானே என்று, உன் பாட்டிலிலிருந்து நாலு சொட்டு கொண்டுபோய் விட்டேன். சத்தம் நின்றது. அடுத்த வாரம் ஃபேனே நின்றது. பத்து நிமிஷத்தில் பெட்டி சூடாகி அணைந்துவிடும். உள்ளே பாதி அடித்த டெண்டர். "நாளைக்குக் காலையில டெண்டர் போகலேன்னா கல்லாஸ், எல்லாம் முடிஞ்சுது, நீ ஊருக்குப் போயிடு" என்று மேனேஜர் இந்தியில் சொல்லிவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை, அங்கே வார விடுமுறை; டெண்டருக்காக எங்கள் ஆபீஸ் மட்டும் திறந்திருந்தது, ரிப்பேர் கடை எல்லாம் பூட்டு. மானிட்டரையும் கீபோர்டையும் டிக்கியில் போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டாக்சியில் வீட்டுக்கு வந்தேன்.

நீ பிளக்கைப் பிடுங்கி, சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, மூடியைக் கழற்றினாய். முகர்ந்து பார்த்தாய்.

"ஏனுங்க, இந்த ஃபேனுக்குத் தலைக்கு எண்ணெ வெச்சது யாருங்க?"

"நம்ம ரூம் ஏசிக்கே பாட்டில் கல்லா உறையுது. உங்க ஆபீஸ் குளிருக்கு? தூசியும் சேந்து களிம்பாயிருச்சு பாருங்க" என்றாய்.

நடுவிலிருந்த ஸ்டிக்கரை உரித்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, உன் தையல் மிஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டாய். பிளக்கைச் செருகினோம். அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விட்டுவிடு, டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

"விடறதுக்கா மடியில வெச்சுத் தூக்கிட்டு வந்தீங்க?"

மறுபடி பிளக்கைப் பிடுங்கினாய். அச்சைப் பிடித்திருந்த சின்ன வளையத்தை ஊசியால் நெம்பி, இறக்கையையே உருவி எடுத்து, அச்சைப் பளபளவென்று துடைத்து மாட்டினாய். இம்முறை சுற்றியது. ஊதுபத்தியைப் பக்கத்தில் காட்டினாய். ஃபேன் காற்றில் புகை ஒரே பக்கமாக ஓடியது. நான் உட்கார்ந்து டெண்டரை முடித்தேன்.

மறுநாள் டெண்டர் போனது, வேலையும் தங்கியது. யார் சரி பண்ணினது என்று மேனேஜர் கேட்டார். "ரூவியில ஒரு கடை" என்றேன். பெண்டாட்டி என்று சொல்ல நாக்கு எழவில்லை. வீட்டுக்கு வந்து அதை உன்னிடமே சொன்னேன். நீ சிரித்தாய். சிரிப்பு கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கீழ்வீட்டுக்காரர் தன் கம்ப்யூட்டரில் ஃபேன் சுற்றவில்லை என்று நேற்றுச் சொன்னார். கடையில் கொடுங்கள் என்று தட்டிக் கழித்திருந்தேன். இன்று பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டு, உன் தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியோடு இறங்கிப் போனேன். முதல் தடவை சுற்றவில்லை. "விட்டுருங்க சார்" என்றார். நான் விடவில்லை. மறுபடி கழற்றி, அச்சைத் துடைத்து மாட்டினேன். சுற்றியது.

"எந்தக் கடையில சார் கத்துக்கிட்டீங்க?"

"கடையெல்லாம் இல்லீங்க. என்ற வீட்டுக்காரிகிட்ட" என்றேன். அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன்.