படுக்க வைத்த எட்டங்குல இரும்பு

1983 ஜூலை 26, செவ்வாய்
காலையில் தூறல். மத்தியானம் டவுன் பக்கம் புகை, தமிழ்க் கடைகளுக்குத் தீ. செல்லையா மச்சானின் புடவைக்கடை போயிற்று. மச்சான், தங்கச்சி பார்வதி, பிள்ளைகள், அவர்கள் வீட்டு லைனில் இருந்த அத்தனை குடும்பமும் என் வீட்டில். கீழறை ஜன்னலுக்குக் கல் வந்ததால் எல்லோரையும் மேல்மாடிக்கு ஏற்றினேன். மிஞ்சிய புடவைக்கட்டு, அரிசிமூட்டை, தையல் மெஷின், எல்லாம் மேலே.

மச்சான்: “இத்தன பேரத் தாங்குமா மச்சான்?”
“பெரஹரா ஊர்வல யானையே ஏறலாம்.”

மாடியின் பலகைத் தரைக்கு அடியில், நடுவே, சுவருக்குச் சுவர், நான் உத்தரமாகப் போட்ட எச் வடிவ இரும்பு. இரும்புக்கடையில் வாழ்நாள் முழுக்க நிறுத்துக் கொடுத்தவன் நான். அளவு அட்டவணையை வாசிக்கத் தெரிந்தவன் கண்டியில் வேறு யார்? இன்ஜினியர் தொரைமார் என்னைக் கேட்டுத்தான் இரண்டு பாலம் போட்டார்கள். மூன்று.

27, புதன்
ஊரடங்கு. தின்னப் பாண் இல்லை. மேலே யாரோ நடந்தால் கீழே சுண்ணாம்பு உதிர்கிறது.

சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பார்த்தேன். இரும்பின் நடு ஓர் அங்குலம் கீழே.

கடை அட்டவணையை எடுத்தேன். உயரம் எட்டு. தட்டு அகலம் ஐந்தேகால். அடிக்குப் பதினெட்டு இறாத்தல். இவையெல்லாம் மனப்பாடம். கடைசியில் வளையாமல் நிற்கும் பலத்துக்கு இரண்டு நிரல். அவற்றை இதுவரை பார்த்ததில்லை. நிமிர்ந்து நின்றால் அறுபத்திரண்டு. படுத்தால் எட்டு.

கீழறையில் தலை இடிக்குமென்று நான் படுக்க வைத்தேன். மூன்றங்குலம் மிச்சம் பிடித்த கெட்டிக்காரன்.

28, வியாழன்
இன்னும் ஒரு குடும்பம் வந்தது, கைக்குழந்தையோடு. எப்படி இல்லையென்பது. நூல்: இரண்டு அங்குலம். கீழே இறக்கினால் கல் கொல்லும். மேலே விட்டால் நான்.

மூட்டைகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னேன். பார்வதி: “ஏண்ணே?” “காத்து வர.”

பின்வேலியால் பக்கத்து வீட்டுச் சிங்களவர் பண்டா இரண்டு பாக்கு மரம் தந்தார். “எதுக்கு மாத்தயா?” என்றார் மரியாதையாக. “பந்தலுக்கு.” இந்த நாளில் என்ன பந்தல் என்று அவர் கேட்கவில்லை. மனுஷன்.

வெட்டி, இரும்புக்குக் கீழே முட்டுக் கொடுத்தேன். மச்சான் எட்டிப் பார்த்தார்.
“யானை ஏறும்னீங்களே, அப்புறம் இது எதுக்கு?”
“யானை இறங்குறப்போ பிடிச்சிக்க.”
கடை எரிந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

29, வெள்ளி
நித்திரை இல்லை. குழந்தை அழுதால் நல்லது, மரம் முறிகிற சத்தம் கேட்காது. எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்; பண்டாவின் புத்தரையும்.

31, ஞாயிறு
வெயில். அகதி முகாமுக்கு ஏற்றிப்போக லொறி வந்தது. அங்கிருந்து இந்தியா என்கிறார்கள். பார்வதி லொறியில் நின்றபடி, “நீங்களும் வாங்கண்ணே.” “வீட்ட யாரு தாங்குறது?” என்றேன். மச்சான் எல்லோருக்கும் கேட்கும்படி அவளிடம் சொன்னார்: “அண்ணன் போட்ட இரும்பு, அசையல பாத்தியா!”

ஆகஸ்ட் 2, செவ்வாய்
மாடி காலி. ஒரு பிள்ளையின் செருப்பு மட்டும். முட்டுக்களைத் தட்டி நகர்த்தி நூல் பிடித்தேன். பாரமே இல்லை, ஆனாலும் நடு அரை அங்குலம் கீழேயே நிற்கிறது. பாரம் போன பிறகு எவ்வளவு திரும்பும் என்று அட்டவணையில் தேடினேன். அப்படி ஒரு நிரல் இல்லை.

4, வியாழன்
மழை. பாக்கு மரத்தைப் பண்டா கேட்டார், வேலி அடைக்கவாம். கொடுக்கவில்லை. திரும்ப முட்டுக் கொடுத்திருக்கிறேன். தங்கச்சி வந்தால் வேண்டும்.