யாருக்கும் குனியக் கூடாது

நவம்பர் 8

பென்சிலால் எழுதுகிறேன். மல்லாந்து படுத்து நோட்டை முகத்துக்கு மேலே பிடித்தால் பேனாவில் மை இறங்க மாட்டேன் என்கிறது. கை கடுக்கிறது. எழுத்து கோணல் மாணலாகப் போகிறது. போகட்டும், படிக்கப் போவது நான் மட்டும்தானே.

நேற்று வலது கண்ணில் ஆபரேஷன். இறந்துபோன யாரோ ஒருவர் கொடுத்த கருவிழியிலிருந்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாக ஒரு படலத்தை உரித்து என் கருவிழிக்கு உள்பக்கமாக வைத்திருக்கிறார்கள். அதைத் தைக்கவில்லையாம். கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். குமிழி மேலே எழும்பிப் படலத்தை அழுத்தி ஒட்டவைக்க வேண்டும். காற்று மேலேதான் போகும், அதனால் என் முகமும் மேலேதான் இருக்க வேண்டும்.

நாகசே டாக்டர் சின்னப் பெண். "கழிப்பறைக்கு மட்டும் எழுந்து போகலாம், சுமியேம்மா. மத்த நேரம் கூரையைத்தான் பார்க்கணும். தலையை மட்டும் குனியவே கூடாது" என்றாள்.

சரி என்று தலையைக் குனிந்தேன்.

"இதைத்தான் சொல்றேன்!" என்றாள்.

சாப்பாடு உருண்டை பிடித்து வருகிறது. படுத்தபடியே கையில் எடுத்துத் தின்னலாம். உள்ளே உப்பில் ஊறவைத்த புளிப்பு உமெபோஷிப் பழம். சோற்றுப் பருக்கை காதுக்குள் போய்விட்டது. இந்த வயசில் இதெல்லாம் ஒரு பிழைப்பா?

நவம்பர் 8, சாயங்காலம்

நினைக்க நினைக்க வயிறு எரிகிறது, எழுதிவிடுகிறேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்த கண் இது. காலையில் எழுந்தால் வலது கண் முழுக்கப் பனிமூட்டம், மத்தியானம் வரை விலகாது. நான் வேலை பார்க்கிற விடுதியின் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களைக் குரலை வைத்தும் செருப்பை வைத்தும் அடையாளம் கண்டுபிடித்துச் சமாளித்தேன். இடது கண்ணும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து "கருவிழி கிடைச்சிருக்கு, நாளைக்கே வரணும்" என்று போன் வந்தது. ஓடிப்போய் விடுதி எஜமானி சிஸுருவிடம் சொன்னேன். அவள் கணினியிலிருந்து தலையைத் திருப்பி என்ன கேட்டாள் தெரியுமா?

"நண்டுப் பருவத்துலயா, சுமியேக்கா?"

ஆமாம்மா, விடுதி நிரம்பி வழிகிற நண்டுப் பருவத்தில்தான். செத்தவர் நம்ம ஊர் நண்டுக் கணக்கைக் கேட்டுக்கொண்டா செத்தார்? அவ்வளவும் தொண்டை வரை வந்தது. வாயில் வந்ததோ "மன்னிக்கணும், ரொம்பத் தொந்தரவு கொடுக்கறேன்." சொல்லிவிட்டுக் குனிந்து வேறு வணங்கினேன். எனக்கே என்மேல் எரிச்சல்.

நவம்பர் 9

பக்கத்துக் கட்டில் மட்சுயோ அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன். மீன் சந்தையில் கணவாய் விற்கிறவள், ஆஸ்பத்திரியிலும் சந்தைக் குரல்தான். "உன்னைப் பாத்தா வெயில்ல காயப்போட்ட கணவாய் மாதிரியே இருக்கு. திருப்பிப் போட ஆள் வரணுமா?" என்று கேட்கிறாள். சிரிக்கக்கூட பயம், தலை ஆடிவிடுமே.

மத்தியானம் போன் வந்தது. சிஸுரு.

ஓகட்டா வந்திருக்கிறாராம். ஓசாகாவில் பல் வைத்தியர். வருஷா வருஷம் நண்டு வலை போட்ட முதல் வாரம் எங்கள் கமோமே விடுதிக்கு வருவார். கடல் பார்த்த மூலை அறைதான் வேண்டும். நான் இருந்தவரை அந்த வாரம் அந்த அறையை யாருக்கும் தர விட்டதில்லை. சிஸுரு இந்த வருஷம் அறைப் பதிவையெல்லாம் கணினியில் ஏற்றினாள் இல்லையா, கணினிக்கு ஓகட்டாவைத் தெரியுமா? யாரோ புதுசாகக் கல்யாணமான ஜோடி அதில் குடியேறிவிட்டது. ஓகட்டா கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, கோட்டுகூடக் கழற்றாமல், "சுமியே வந்து சொல்லட்டும், அப்பத்தான் கேப்பேன்" என்கிறாராம்.

"ரெண்டே வார்த்தை, அக்கா. படுத்துக்கிட்டே பேசிடுங்க. நான் போனை அவர்கிட்ட கொடுக்கறேன்."

நான் பதில் சொல்வதற்குள் அவர் குரல் வந்துவிட்டது.

படுத்துக்கொண்டு பேசியிருக்கலாம். எழுத எழுத ஆத்திரமாக வருகிறது. பேசியிருக்கலாம்தானே? ஆனால் சிஸுருவின் மாமியார், பெரிய எஜமானி, எனக்கு இந்த வேலை சொல்லிக்கொடுத்த நாளிலேயே சொன்னது — உட்கார்ந்து கேட்கிற மன்னிப்புக்கும் சாய்ந்து கேட்கிற மன்னிப்புக்கும் குரல் வேறே, போனில்கூடத் தெரிந்துவிடும். அது மண்டையில் ஏறவில்லை, முதுகெலும்பில் ஏறியிருக்கிறது. எப்போது எழுந்தேன், எப்போது கட்டில்மேல் மண்டி போட்டேன், ஒன்றும் தெரியாது. "மிகவும் மன்னிக்க வேண்டும்" என்று சொல்லும்போது நெற்றி போர்வையைத் தொட்டுவிட்டது. ஒரு தடவை இல்லை, பல தடவை.

"அடியே! படுடி! அவன் கண்ணுக்கு நீ தெரியவா போற?" என்று மட்சுயோ அக்கா கத்தினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஓகட்டா போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "கண் ஆபரேஷனாமே? சரி சரி, உடம்பப் பாத்துக்கம்மா. நீ இல்லாம விடுதி விடுதியாவே இல்லை. அது இருக்கட்டும், அந்த ரூம்ல இருக்கறதுங்களைக் கிளப்ப முடியுமா?"

நவம்பர் 10

காலையில் கட்டை அவிழ்த்தார்கள். பனிமூட்டம். முன்னைவிட மோசம்.

நாகசே டாக்டர் கருவியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். படலத்தின் கீழ்ப்பக்கம் கழன்று தொங்குகிறதாம், சுவரொட்டி ஓரம் பிரிந்த மாதிரி.

"எழுந்தீங்களா?"

"இல்லையே."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மட்சுயோ அக்கா: "பொய்! போனுக்குக் குனிஞ்சு கும்புடு போட்டா! நான் பாத்தேன், டாக்டர். ஒரு தடவை நெத்தியே இடிச்சுது!"

டாக்டர் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டாள். "மறுபடியும் காற்று விட்டுப் பார்க்கலாம். இந்தத் தடவையும் ஒட்டலைன்னா... இன்னொருத்தர் கொடுக்கற வரைக்கும் காத்திருக்கணும், சுமியேம்மா."

தள்ளுவண்டியில் என்னை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகும்போது தாழ்வாரத்தில் அவளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேராசிரியரிடம் போல. சுவரைப் பார்த்து "ஆமாங்க, மன்னிக்கணும்ங்க" என்று இடுப்பு வரை குனிந்துகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்த நாட்டில் பிறந்தவர்களுக்குக் கழுத்தில் கீல் வைத்துத்தான் அனுப்புகிறார்கள் போலிருக்கிறது.

நவம்பர் 10, மறுபடி

காற்று விட்டாச்சு. மறுபடியும் கூரை. கூரையில் ஒரு ஈரக்கறை இருக்கிறது, அதையே பார்க்கிறேன்.

எங்கள் விடுதிச் சமையற்காரன் ஹிரோசே சாயங்காலம் போன் பண்ணி நலம் விசாரித்தான். பேச்சோடு பேச்சாகச் சொல்கிறான் — ஓகட்டாவுக்கு ராத்திரி ரெண்டு நண்டு கூடுதலா வெச்சோம்க்கா, அப்பறம் மனுஷன் குளிர்ந்துட்டார், பாட்டெல்லாம் பாடினார்.

ரெண்டு நண்டு!

ரெண்டு நண்டுல முடிஞ்சிருக்க வேண்டிய விஷயம். அதுக்கு என் கண்ணு எதுக்குய்யா? என் கண்ணுகூட இல்ல. எவரோ ஒருத்தர், பேரு தெரியாது, ஆணா பெண்ணான்னு தெரியாது, சாகும்போது இதை வெச்சுட்டுப் போங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கார். வீட்டுல அழுதுக்கிட்டே சரின்னு சொல்லியிருப்பாங்க. அதைக் கொண்டுபோய் ஒரு பல் வைத்தியனோட மூலை அறைக்காகத் தரையில தட்டிவிட்டேனே! அவர் எனக்கு ஒரு கண்ணைக் கொடுத்தார். அவருக்கு நான் ஒரு தடவையாவது குனிஞ்சேனா? ஓகட்டாவுக்குக் குனிஞ்சேன். சீ!

நவம்பர் 11

அசையவில்லை. கழிப்பறைக்குப் போகும்போதும் கூரையைப் பார்த்துக்கொண்டே போனேன், கதவில் இடித்துக்கொண்டேன்.

நவம்பர் 12

ஓகட்டா இன்று கிளம்பினார். அதற்கும் ஒரு போன்.

விருந்தாளியின் கார் பாலத்துத் திருப்பத்தில் மறைகிற வரை வாசலில் குனிந்தே நிற்பது எங்கள் விடுதியின் வழக்கம். மழையிலும் நின்றிருக்கிறேன், காய்ச்சலோடும் நின்றிருக்கிறேன். சிஸுரு சொல்கிறாள்: "வாசல்ல உங்களைத் தேடறார், அக்கா. போனை ஸ்பீக்கர்ல போடறேன். வழியனுப்பற மாதிரி ஒரு வார்த்தை."

கட்டில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டேன். முதுகு தானாக எழும்பப் பார்த்தது, உண்மையாகவே. அழுத்தி வைத்தேன்.

"ஸ்பீக்கர்ல போடாதீங்கம்மா. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அன்னிக்கு நீங்க போன் பண்ணப்ப எழுந்து குனிஞ்சேன். வெச்ச படலம் கழண்டுடுச்சு. மறுபடி ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. ஒட்டுமா ஒட்டாதான்னு இன்னும் தெரியாது."

"ஐயோ! ஏன் எழுந்தீங்க? படுத்துக்கிட்டே பேசுங்கன்னுதானே நான் சொன்னேன்?"

"சொன்னீங்க. அந்த வீட்டுல இத்தனை வருஷம் இருந்தவளுக்குப் படுத்துக்கிட்டுப் பேச வருமா, வராதான்னு யோசிச்சீங்களா?"

போனில் அவளுக்குப் பின்னால் ஓகட்டாவின் கார் ஒலி எழுப்பியது.

"உங்களுக்கு ஒண்ணு சொல்றேன்" என்றேன். "இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க. வேலையிலேருந்து நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. நான் எழுந்திருக்க மாட்டேன்."

நானே வைத்துவிட்டேன். எஜமானி வைப்பதற்கு முன்னால் நான் போனை வைத்தது இதுதான் முதல் தடவை. மட்சுயோ அக்கா கைதட்டினாள். அப்புறம் நான் விக்கி விக்கி அழுதேன். கண்ணீர் பக்கவாட்டில் காதுக்குள் போனது. நர்ஸ் ஓடிவந்து "அழாதீங்கம்மா, கண்ணைத் தேய்ச்சிடாதீங்க" என்று பஞ்சால் ஒற்றினாள்.

நவம்பர் 13

ஒட்டியிருக்கிறது.

கருவியிலிருந்து முகத்தை எடுக்காமலே டாக்டர் இரண்டு தடவை சொன்னாள், அவளுக்கே நம்பிக்கை வராத மாதிரி. பார்வை தெளிய நாளாகும், மங்கல்தான் இருக்கும், ஆனால் ஒட்டியிருக்கிறது. நாளையிலிருந்து சாய்ந்து உட்காரலாம். "குனியறது மட்டும் நான் சொல்ற வரைக்கும் கிடையாது. போனுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. யாருக்கும் கூடாது" என்றாள்.

நன்றி சொன்னேன். நிமிர்ந்தே சொன்னேன். திமிர் பிடித்தவள் மாதிரி இருந்தது. கண் கொடுத்தவருக்கும் அப்படியே சொன்னேன், கூரையைப் பார்த்து. அவருக்கு அதுதான் சரி என்று படுகிறது.

நவம்பர் 14

மட்சுயோ அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது "எவன் கூப்ட்டாலும் படுத்தே கெட!" என்று லிஃப்ட் வரை கத்திக்கொண்டு போனாள். அறை வெறிச்சோடிக் கிடக்கிறது. விடுதியிலிருந்து போன் இல்லை. வேலை போய்விட்டது என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். போனால் போகிறது என்று எழுத ஆசை. கை எழுத மாட்டேன் என்கிறது.

நவம்பர் 17

சிஸுரு வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், விடுதி நிறைய ஆள் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில். கிமோனோவை மாற்றக்கூட நேரமில்லை போல, வேலைக் கிமோனோவின்மேல் கோட்டு. நான் கட்டில் முதுகை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தேன்.

திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தயாராக இருந்தேன்.

கட்டிலுக்கு அருகில் வந்து நின்றாள். கைகளைச் சேர்த்து முன்னால் வைத்தாள். குனிந்தாள். வாடிக்கையாளருக்குக் குனிகிற குனிவு இல்லை, ரொம்பக் கீழே. "மன்னிச்சிடுங்க, சுமியேக்கா" என்றாள். நிமிரவே இல்லை.

என் கழுத்து துடித்தது. பதிலுக்குக் குனியாமல் ஒருத்தர் முன்னால் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்தே இருந்தேன். வேறு வேலை இல்லாததால் அவளைப் பார்த்தேன்.

அவள் மருமகளாக வந்த நாளிலிருந்து அவளைத் தெரியும். ஆனால் அவள் தலையின் உச்சியை நான் பார்த்ததே இல்லை. அவள் குனிகிறபோதெல்லாம் நானும் குனிந்திருப்பேனே.

"வகிடு பூரா நரைச்சிருக்கு உங்களுக்கு" என்றேன். "சாயம் போட நேரமில்லையா?"

சட்டென்று நிமிர்ந்தாள். கை தலைக்குப் போனது. மூக்கு சிவந்திருந்தது. என்னையே உற்றுப் பார்த்தாள்.

"எந்தக் கண்ணால பார்த்தீங்க?" என்றாள்.

இடது கண்ணைக் கையால் பொத்திக் காட்டினேன்.