கால்வாய்க் கரையைக் காலை ஆறு மணிக்கு மறுபடி பார்க்க வேண்டி

அனுப்புநர்:
தேனீ வளர்ப்பவர் (நாற்பத்திரண்டு பெட்டிகள்),
கால்வாய்க் கீழ்க்கரை, கடைசி வீடு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
செயற்கைக்கோள் பூவரைபடப் பிரிவு.

பொருள்: கீழ்க்கரை ‘பூவற்ற தரிசு’ எனப் பதிவானது – பதினெட்டாம் தேதி களைக்கொல்லி அடிக்க இருப்பது – தவறு என்னுடையது – மறு ஆய்வு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. புகாருக்கு முன் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்புவரை எங்கே பூத்திருக்கிறது என்று தெரியாமல் நானும் என் கணவரும் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தோம். உங்கள் வரைபடம் கைபேசிக்கு வந்த பிறகு அந்த அலைச்சல் இல்லை. மஞ்சளாகத் தெரிந்தால் பூ, பழுப்பாகத் தெரிந்தால் பூ இல்லாத இடம். போன வருடம் பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஒரு சூரியகாந்தி வயலை அதுதான் காட்டித் தந்தது. அதனால்தான் எங்கள் தேனீக்கள் பிழைத்தன.

2. பெட்டிகளுக்கு அடியில் நீங்கள் வைத்துத் தந்த எடைத் தகடும் வெப்பமானியும் தினமும் உங்கள் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒரு நாள் தங்கள் பிரிவுப் பெண் அலுவலர் தானாகவே போன் செய்து, “அக்கா, ஏழாம் பெட்டியில சூடு குறையுது, கொஞ்சம் திறந்து பாருங்க” என்றார். திறந்தால் ராணி செத்துக் கிடக்கிறது. உடனே அந்தக் கூட்டத்தைப் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துக் காப்பாற்றினோம். சொந்தக்காரர்கள்கூட எங்களை இப்படி விசாரித்தது கிடையாது. அந்தப் பெண் நன்றாயிருக்க வேண்டும்.

3. இனி குறை. இந்த மாத வரைபடத்தில் கீழ்க்கரை இரண்டு கிலோமீட்டரும் பழுப்பு. அதைப் பார்த்துவிட்டு, கரையில் வெறும் களைதானே என்று கால்வாய்ப் பராமரிப்பு அலுவலகம் மதகுச் சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டது: பதினெட்டாம் தேதி மருந்து அடிப்பார்கள். ஐயா, அறுவடை முடிந்த இந்த இரண்டு மாதமும் எங்கள் தேனீக்களுக்கு அந்தக் கரைக்கொடியை விட்டால் வேறு நாதி இல்லை. அது போனால் நாற்பத்திரண்டு பெட்டியும் பட்டினி.

4. செயற்கைக்கோள் மீது குற்றம் இல்லை. அது எங்கள் தலைக்கு மேல் வருவது காலை பத்தரைக்கு என்று அந்தப் பெண் அலுவலரே சொல்லியிருக்கிறார். கரைக்கொடி விடியும்போது ஊதா நிறத்தில் பூத்து, ஒன்பது மணிக்கெல்லாம் மடக்கிய குடையாகச் சுருண்டுவிடும். கடை சாத்திய பிறகு வந்து பார்த்தவருக்குக் கதவு மட்டும்தானே தெரியும்.

5. இதைச் சரிபார்க்கத்தான் தாங்கள் நேரில் ஆள் அனுப்பினீர்கள். இங்கேதான் என் புத்தி கெட்டது. கள ஆய்வாளர் முந்தின நாள் போன் செய்து ஆறு மணிக்கு வருவதாகச் சொன்னார். அவர் எடைத் தகட்டைப் பார்க்க வருகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டு, “எதுக்கு தம்பி தூக்கத்தைக் கெடுத்துக்கிறீங்க, நிதானமா எட்டு மணிக்கு வாங்க, நம்ம வீட்லயே சாப்பிடலாம்” என்றேன். வந்தார். காபி, சாப்பாடு, மறுபடி காபி. பாவம், கூச்ச சுபாவம், போதும் என்று சொல்லத் தெரியவில்லை. கரைக்குப் போகையில் மணி பத்து. ஒரு பூ இல்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுத முடியும் என்று வருத்தத்தோடு ‘பூ இல்லை’ என்று எழுதினார். அவர் மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

6. என் கணவர் அன்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “வந்தவரு வயித்தை நிரப்பி, தேனீ வயித்துல அடிச்சிட்டியே.” அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எப்போதுமே பேசாத மனிதர் என்பதால், அது கோபம் என்று மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. ஆகவே இந்தப் புகார் முதலில் என் மீதே.

7. என் பேச்சை நம்ப வேண்டாம். உங்கள் தகட்டையே கேளுங்கள். இந்த மாதம் எந்த நாளை எடுத்தாலும் ஒன்பது மணிக்குள் பெட்டிகளின் எடை ஏறுகிறது, பிறகு அப்படியே நின்றுவிடுகிறது. பூவே இல்லாத கரையிலிருந்து எதைத் தூக்கிக்கொண்டு வருகின்றன? என் கணவர் காலை ஆறேகாலுக்கும் ஒன்பதரைக்கும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களையும் இணைத்துள்ளேன். பேசாவிட்டாலும் நான்கு நாளாக விடியற்காலையில் கரையில் நிற்கிறார்.

8. எனவே மருந்து அடிப்பதைத் தள்ளிவைக்கும்படி கால்வாய் அலுவலகத்துக்குத் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பதினெட்டாம் தேதிக்குள் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஆளையோ, பறக்கும் கேமராவையோ அனுப்ப வேண்டும். எங்கள் ஏழாம் பெட்டியின் சூட்டை அவ்வளவு தூரத்திலிருந்து கவனித்த அலுவலகம் இதையும் கைவிடாது என்று நம்புகிறேன்.

அதே தம்பியை அனுப்பினால் மிகவும் மகிழ்வேன். இம்முறை அவரை நேராகக் கரைக்கே அழைத்துப் போவேன் என்றும், ‘பூ உண்டு’ என்று அவர் எழுதி முடிக்கும்வரை ஒரு வாய்க் காபிகூடத் தர மாட்டேன் என்றும் இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

இடம்: கீழ்க்கரை
நாள்: பிப்ரவரி 11

என்றும் நன்றியுள்ள,
(கையொப்பம்)
தேனீ வளர்ப்பவர்

சாட்சி: (கையொப்பம்) கணவர். காபி தராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.