கொலைகாரனை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள்

என் ஆசை அண்ணே,

நீ போன இடத்தில் நிம்மதியாக இருப்பாய். இங்கே உன் துப்பறியும் நாவல் என் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

அச்சடிக்க மெயின்லேண்ட் பதிப்பாளர் என் சம்மதம் கேட்டு நிற்கிறார். அதற்குள் கதை நம் பாம்பூஃப்ளாட் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பரவாமல் என்ன செய்யும்? அக்கரை ஹேடோவுக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் ஃபெர்ரியில் நீயே வாசித்துக் காட்டினாயே! கதையில் வருவது ஓட்டே இல்லாத ஒரு தீவு. அம்மன் பெயரில் ஆட்சி. மந்திரி யாரென்று சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். எடுக்கும் பொட்டலத்தில் சிவப்பு வந்தால் அம்மன் சம்மதம், வெள்ளை வந்தால் இல்லை. பூக்கட்டும் பூசாரி ஒரு காலையில் செத்துக் கிடக்கிறார். மகனை மந்திரியாக்க, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்து, அது தெரிந்துபோன பூசாரியைத் தீர்த்த தர்மகர்த்தாதான் கொலைகாரன்.

நம் கோயில் தலைவரையும் பூக்கட்டிப் பார்த்துத்தானே எடுக்கிறோம்? போதாதா? தலைவர் வீடு தேடி வந்துவிட்டார். கமிட்டியில் இருக்கும் என் வீட்டுக்காரரும் கூட உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். காப்பியைக் குடித்துவிட்டுத் தலைவர் மெதுவாகச் சொன்னார்: "புக்க நிறுத்த வேணாம்மா. கொலகாரன மட்டும் ஒரு பெங்காலியா மாத்திடு. நம்மாளுங்க மனசு நோகாது."

என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

என் பெண் மீனாவுக்குத் தை மாதம் நம் கோயில் சந்நிதியில்தான் கல்யாணம் வைத்திருக்கிறோம். முடியாது என்றால் நடக்க விடுவார்களா? கதைதானே, மாற்றினால் என்ன என்று எனக்குள்ளும் ஓடியது, அண்ணே.

நேற்று பக்கத்து வீட்டு ஷெஃபாலி தீதி வந்தார். நீ படுக்கையில் கிடந்தபோது கஞ்சி வைத்து ஊட்டிய அதே பெங்காலி அக்காதான். தமிழ் படிக்கத் தெரியாதே, புத்தகம் வந்ததும் நான் இந்தியில் வாசித்துக் காட்ட வேண்டுமாம். கொலைகாரன் யாரென்று இப்போதே சொல்லிவிடாதே என்று சிரித்துக்கொண்டே என் வாயைப் பொத்தினார். அவர் போனதும் அழுதுவிட்டேன். மாற்றிய கதையை எந்த முகத்தோடு அவருக்கு வாசிப்பேன்?

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்: "கொலகாரன் நம்மாளுதான். அண்ணன் எழுதினது எழுதினதுதான்."

சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். மீனா என் முகத்தையே பார்க்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது. நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஒரு எழுத்தையும் மாற்ற விடமாட்டேன், அண்ணே. புத்தகம் வந்த அன்றே தீதி பக்கத்தில் உட்கார்ந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பேன். வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே வாசிப்பேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சி,
செல்வி