ஏழு மணிக்கு ரூபி வருவாள்

டீச்சர்,

மொட்டை மாடியில் இருந்த உங்கள் டிவி டிஷ்ஷை இன்று காலையில் இறக்கினார்கள். மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறார்களாம். வீட்டுச் சொந்தக்காரர் அனுப்பிய ஆள் அதைப் படியில் இடித்து இடித்துக் கொண்டுவந்து என் வாசலில் சாய்த்துவைத்தார். துருவும் மழைத் தண்ணீரும் கலந்த வாடை. கேபிள் இணைப்பில் நாம் சுற்றிய கறுப்பு டேப் இன்னும் பிரியவில்லை. "இதப் பழைய இரும்புக்குப் போட்டுறவாக்கா?" என்று கேட்டார். சரி என்று தலையை ஆட்டினேன்.

தல்லாகுளத்தில் இந்த வீட்டின் மாடியில் நீங்களும் கீழே நானுமாக எத்தனை வருஷம் இருந்துவிட்டோம். நீங்கள் மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். உங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு உங்களுக்கென்று இருந்தவள் மகள் ரூபி ஒருத்திதான். அவள் சென்னையில் தனக்குப் பிடித்த ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டுவிட்டு, அப்புறம்தான் உங்களுக்குச் சொன்னாள். அன்றைக்கு நீங்கள் போனில் சொன்னது கீழே எனக்கும் கேட்டது.

"இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

அவளும் உங்கள் பெண்தானே. மிதிக்கவில்லை.

அவள் டிவியில் செய்தி வாசிக்கச் சேர்ந்துவிட்டாள் என்று சர்ச்சில் யாரோ சொன்ன வாரம்தான் நீங்கள் டிஷ் மாட்டினீர்கள். என்ன டீச்சர் திடீரென்று, என்றதற்கு, "மழை வெயில் தெரிய வேணாமா?" என்றீர்கள். அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு நான் காபியோடு மேலே வருவேன். ரூபி செய்தி வாசிப்பாள். நாம் இரண்டு பேரும் பார்ப்போம். அவள் பேரை நீங்களும் எடுக்க மாட்டீர்கள், நானும் எடுக்க மாட்டேன். ஒரே ஒரு தடவை, ரூபியிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். "நீ சொன்னேன்னு தெரிஞ்சா ஒங்கிட்டயும் பேச மாட்டேன் செல்வி" என்றீர்கள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

போன ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. முதல் நாள் அவள் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. மறுநாள் சத்தம் அறுந்து அறுந்து வந்தது. அதற்கடுத்த நாள் சிக்னல் இல்லை என்று நீலத் திரை. சிம்மக்கல்லில் டிஷ் மாட்டுகிற கடையில் கேட்டதற்கு, "மழை விடட்டும்மா, வாரேன்" என்று சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக் கேபிளில் அந்தச் சேனல் கிடையாது. என் போனில் போட்டுத் தருகிறேன் என்றேன். "இம்புட்டூண்டு கண்ணாடியில மழைச் செய்தி என்னத்தப் பாக்க?" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். அன்று ராத்திரி நீங்கள் சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் மழை தூறலானதும் நாமே வேலையில் இறங்கிவிட்டோம். உங்களுக்கு முட்டிவலி என்பதால் நான் மொட்டை மாடிக்கு ஏறினேன். நீங்கள் டிவி முன்னால் நின்று சத்தம் போட்டீர்கள். டிஷ் முனையில் கேபிளைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. அந்த நுனியை வெட்டிவிட்டு, துடைத்து, திரும்ப முறுக்கினேன். அப்படியும் திரையில் சிக்னல் கோடு பாதியைத் தாண்டவில்லை என்றீர்கள். காற்றில் டிஷ்ஷே கொஞ்சம் திரும்பியிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி மெதுவாக நகர்த்தினேன்.

"ஏறுது… இல்ல, போயிருச்சு. அந்தப் பக்கம் திருப்பு. இன்னுங் கொஞ்சம். நில்லு, அசையாத."

அதற்குமேல் உங்கள் சத்தமே இல்லை. போல்ட்டை இறுக்கிவிட்டு, நனைந்த சேலையோடு ஓடிவந்தேன். நீங்கள் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தீர்கள். திருவாதவூர்ப் பக்கம் கண்மாய் நிரம்பியதைப் பற்றி ரூபி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"மொகம் பூசுனாப்புல இருக்கு" என்றீர்கள். பிறகு, "எம்புள்ள மாசமா இருக்கா செல்வி."

"மேசைக்குப் பின்னாடில்ல உக்காந்திருக்கா. எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதா?"

எம்புள்ள என்று நீங்கள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். தண்ணீர் இறங்காமலிருக்க இணைப்பில் டேப்பைச் சுற்ற மறந்துவிட்டேன் என்றதும், வலிக்கிற முட்டியோடு நீங்களே படியேறி வந்து, நான் குடை பிடிக்க, சுற்றி முடித்தீர்கள்.

தை பிறந்த பிறகு ரூபியைக் காணோம். அந்த இடத்தில் வேறொரு பெண் வாசித்தாள். "பேறுகாலத்துக்குப் போயிருப்பா. வந்துருவா" என்றீர்கள். வேறு யார் வாசித்தாலும் ஏழு மணிக்கு டிவியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். அவள் திரும்பி வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

ரூபிக்கு நான்தான் போன் செய்தேன். அன்று மாலையே கைக்குழந்தையோடு வந்தாள். வாசலில் வந்து நின்றவள் உள்ளே கால் வைக்கவில்லை. "வரலாமா ஆன்ட்டி?" என்று என்னைக் கேட்டாள், டீச்சர். கையைப் பிடித்து நான்தான் கூட்டிவந்தேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் அழாமல் நின்றாள்.

"அம்மா என்னையப் பத்தி எப்பவாச்சும் பேசுவாங்களா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிஷ் மாட்டியது, தினமும் பார்த்தது, அந்த மழை, முகத்தைப் பார்த்தே நீங்கள் கண்டுபிடித்தது. அதைச் சொன்னபோதுதான் உடைந்துபோய், குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அம்மா பாப்பாங்களோ என்னமோன்னு, கடைசியில வணக்கம் சொல்லும்போது கேமராவ ஒரு நொடி கூடுதலாப் பாப்பேன் ஆன்ட்டி. எதுக்கு அம்புட்டு நேரம் பாக்கறேன்னு அங்க திட்டுவாங்க."

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது. நான் கேட்டேன்.

ரூபி மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள். நான் போனில் பார்க்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாள், குழந்தை தூங்கவிடுவதில்லை போல. வணக்கம் சொல்லிவிட்டு இன்னும் அதேபோலத்தான் பார்க்கிறாள், யாருக்கென்று தெரியாமல். அந்த ஒரு நொடி நான் கண்ணை எடுப்பதில்லை, டீச்சர்.

செல்வி