எருமையிலிருந்து என் கைக்கு

2025 பிப்ரவரி 3

பிச்சைமுத்து மாமா வீட்டு எருமையின் காம்பில் நான்கு கொப்புளம். தொட்டதும் காலைத் தூக்கியது. மாமாவிடம் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. அப்பாவுக்குக் கை ஒடிந்ததிலிருந்து அவர் பால் கறந்த ஆறு வீட்டுக்கும் நான் போகிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. இந்த ஒரு வருடத்தில் அந்த வீடுகளில் "வாரேன்" தவிர ஒன்றும் பேசியதில்லை.

பிப்ரவரி 9

வலது கை விரல்களில் மூன்று கொப்புளம், நடுவில் குழி. காய்ச்சல்.

பிப்ரவரி 10

அம்மா வேப்பிலை அரைத்துப் பூசினாள். "அம்மைடி ஜாஸ்பின். தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டாத. மருந்து, ஊசின்னு பேசாத."

அம்மை என்றால் உடம்பெல்லாம் வராதா? காம்பைப் பிடிக்கும் விரலில் மட்டும் ஏன்? தங்கச்சி ஜெனிஷா என்னோடு ஒரே பாயில் படுக்கிறாள். அவளுக்கு ஒன்றுமே இல்லை.

பிப்ரவரி 12

மருதாயி அக்கா எங்கள் வாசலில் நின்று கத்தினார். நான் கறக்கும் அவருடைய ஜெர்சிப் பசுவின் மடியிலும் கொப்புளமாம்.

"கன்னையே அண்ட விடமாட்டேங்குது, ஞானசெல்வி! ஒன் மக கை ராசியில்லாத கை. இனிமே என் மாட்டுமேல படக் கூடாது!"

அம்மா பதிலுக்குக் கத்தினாள். நான் கதவுக்குப் பின்னால்.

ராசியில்லாத கையா? ஒரு வருசமா இந்தக் கைதானே கறந்துச்சு, அப்ப மட்டும் இனிச்சுச்சா? எனக்கே அந்த எருமைகிட்ட இருந்துதானே வந்துச்சு!

மற்ற வீடுகளும் கேட்டிருக்கும். கறவை போனால் எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 13

வாசப்படி தாண்டினேன். அம்மா கூப்பிடக் கூப்பிட பஸ் ஏறி, கீரனூர் மாட்டாஸ்பத்திரி.

"மாடு எங்கம்மா?" என்றார் டாக்டர் புவனேஸ்வரி மேடம். கையை நீட்டினேன். வரிசையில் ஒருவர், "இதுவே கன்னுக்குட்டிதான் போல" என்றார். சிரித்தார்கள். நான் கையை மடக்கவில்லை.

எருமையம்மையாம். ஒரு வைரஸ். முன்காலத்தில் பெரியம்மைத் தடுப்பூசியில் இருந்த வைரஸின் சொந்தம். அது எருமைக்குள் போய் அங்கேயே பிழைக்கப் பழகிக்கொண்டது என்று நினைக்கிறார்களாம். கீறல் வழியாக மனிதர் கைக்கு வரும். ஆனால் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவ இன்னும் பெரிதாகப் பழகவில்லை.

"பசுவுக்குப் போகுமா மேடம்?"

"போகும். கொண்டுபோக ஆள் வேணும். காம்புல என்ன தடவுற?"

"விளக்கெண்ணெய்."

"வீட்டுக்கு வீடு வேற எண்ணெயா?"

ஆறு வீட்டுக்கும் நான் எடுத்துப்போவது ஒரே கிண்ணம். எருமையைத் தொட்ட விரலை அதில்தான் முக்குவேன். அதே எண்ணெயைத்தான் மருதாயி அக்கா மாட்டுக்கும் தடவினேன்.

என் புண்ணுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கினேன்.

பிப்ரவரி 14

ஆக, நான்தான்.

சொல்லாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் சொல்லாவிட்டால் ராசியில்லாத கை என்றுதான் நிற்கும். தப்பு என்றால் திருத்தலாம். ராசியை என்ன செய்வது?

பிப்ரவரி 16

சாயந்திரம் பால் சொசைட்டிக்குப் போனேன். ஆறு வீட்டாரும் பால் ஊற்ற வந்திருந்தார்கள்.

"மருதாயி அக்கா மாட்டுக்கு நான்தான் கொண்டாந்தேன். என் எண்ணெய்க் கிண்ணத்துல. ராசியுமில்ல, ஒண்ணுமில்ல. இனிமே வீட்டுக்கு வீடு தனி எண்ணெய், சோப்புப் போட்டுக் கை கழுவணும், நோவு மாட்டக் கடைசியாத்தான் கறக்கணும். புண்ணு ஆறுற வரைக்கும் வரமாட்டேன். ஆறுனா வருவேன்."

"இந்தப் புள்ளைக்குப் பேச்சு வருமா?" என்றார் பிச்சைமுத்து மாமா.

"குத்தத்தையும் ஒத்துக்கிட்டு சட்டமும் போடுறா பாரு" என்றார் மருதாயி அக்கா.

"ஆமாக்கா. போடுறேன்."

பிப்ரவரி 27

பொருக்கு உதிர்ந்துவிட்டது. அம்மா வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றட்டும். மாத்திரையையும் அவள் எதிரிலேயே விழுங்கி முடித்தேன்.

மார்ச் 5

மறுபடி கறக்கப் போகிறேன், ஐந்து வீடு. மருதாயி அக்கா வீட்டுப் பக்கம் போகவில்லை.

இன்று ஐந்தாவது வீட்டை முடித்து வந்தபோது அவர் சந்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒரு காம்பு ஆறல. மத்த வீடெல்லாம் முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன்க்கா."

"அப்ப வா."